அயனி–மாலிக்யூல் மோதல்ல கிராஸ் செக்‌ஷன் அளக்குறது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குறைஞ்ச எனர்ஜில ஒரு அயனி ஒரு மாலிக்யூல் மேல மோதினா ரியாக்‌ஷன் நடக்க எவ்வளவு வாய்ப்புன்னு அளக்குற வேலைய சில வருஷம் பண்ணேன். லேபுக்குப் புதுசா வர்ற பசங்க திரும்பத் திரும்ப கேக்குற கேள்விங்க இதெல்லாம், ஒவ்வொரு தடவையும் போர்டுல எழுதிக் காட்டி அலுத்துப் போய் ஒரே இடத்துல போட்டுட்டேன். முடிஞ்ச வரைக்கும் ஒரே ரியாக்‌ஷன வச்சு தான் பேசப் போறேன்: ஆர்கான் அயனி போய் டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன், டி2) மாலிக்யூல் மேல மோதுது, அதுல ஒரு டி அணுவ பறிச்சுக்கிட்டு ஏஆர்டி அயனியா வெளிய வருது, இன்னொரு டி தனியா போயிடுது.

கிராஸ் செக்‌ஷன்னா மாலிக்யூலோட சைஸா?

சைஸ் மாதிரி, ஆனா சைஸ் இல்ல. பொங்கலுக்கு உறியடி பாத்திருப்பீங்க, கண்ணைக் கட்டிக்கிட்டு கம்ப வீசுறான், பானை எங்க தொங்குதுன்னு அவனுக்குத் தெரியாது. நூறு வீச்சுல மூணு தடவ பானை உடையுதுன்னு வைங்க, பானைய கிட்ட போய் அளக்காமலே அது எவ்வளவு பெருசுன்னு ஒரு கணக்கு போட்டுடலாம், எத்தனை வீச்சு எத்தனை உடைசல் எவ்வளவு இடத்துல எத்தனை பானை தொங்குதுன்னு தெரிஞ்சா போதும். அப்படி வர்ற பரப்பு தான் கிராஸ் செக்‌ஷன், சிக்மான்னு சொல்லுவோம். யூனிட்டா சதுர ஆங்ஸ்ட்ராம் வச்சுக்குறது வழக்கம், ஒரு சதுர ஆங்ஸ்ட்ராம்னா 10⁻¹⁶ சதுர சென்டிமீட்டர்.

கம்பு பட்டும் பானை உடையாம போறது உண்டு இல்லையா, அது மோதல் கணக்குல வரும், ரியாக்‌ஷன் கணக்குல வராது. அதே மாலிக்யூலுக்கே எனர்ஜிய மாத்தினா சிக்மா மாறும், எந்த புராடக்ட்ட எண்ணுறோம்னு மாத்தினாலும் மாறும். அதனால "ஹைட்ரஜனோட கிராஸ் செக்‌ஷன் எவ்வளவு சார்"னு மொட்டையா கேட்டா பதில் கிடையாது.

குறைஞ்ச எனர்ஜின்னா எவ்வளவு?

நான் இங்க பேசுறது சுமார் 0.05 ஈவிலேர்ந்து (ஈவின்னா எலக்ட்ரான் வோல்ட், எனர்ஜியோட யூனிட்) பத்து இருபது ஈவி வரைக்கும். ரூம் டெம்பரேச்சர்ல கேடி, அதாவது வெப்பத்தால வர்ற எனர்ஜியோட அளவு, 0.026 ஈவி தான், ஒரு கெமிக்கல் பாண்ட் உடைக்க நாலஞ்சு ஈவி ஆகும், ஆக கெமிஸ்ட்ரி நடக்குற முழு ஏரியாவும் இதுக்குள்ள வந்துடும். நியூக்ளியர் ஆளுங்களுக்கு லோ எனர்ஜின்னா மெகா ஈவி, அவங்க கூட பேசும்போது முதல்லயே இத சொல்லிடுங்க, இல்லனா அரை மணி நேரம் வேற வேற விஷயத்தப் பேசிட்டு இருப்பீங்க.

அயனின்னா என்ன ஸ்பெஷல்? ரெண்டு நியூட்ரல் மோதுறதும் இதுவும் ஒண்ணு தானே?

இல்லீங்க. அயனி கிட்ட வந்தா மாலிக்யூல் போலரைஸ் ஆகும், அதாவது அதோட எலக்ட்ரானெல்லாம் ஒரு பக்கமா ஒதுங்கும், ஆனதும் ரெண்டும் ஒண்ண ஒண்ணு இழுக்கும். அதாவது இங்க பானையே கம்ப தன் பக்கம் இழுக்குது, வீச்சு கொஞ்சம் தள்ளிப் போனாலும் வளைஞ்சு வந்து அடிக்கும். மெதுவா வீசினா இழுக்க நேரம் நிறைய, அதனால எனர்ஜி குறையக் குறைய சிக்மா பெருசாகும். பால் லான்ஜவின் 1905லயே இதுக்கு அடிப்படை கணக்கு போட்டுட்டாரு, ஜியோமூசிஸ், ஸ்டீவன்சன் ரெண்டு பேரும் 1958ல அத ரியாக்‌ஷனுக்குப் பொருத்தினாங்க. சிக்மா எனர்ஜியோட ஸ்கொயர் ரூட்டுக்குத் தலைகீழா போகும், மாலிக்யூலோட போலரைசபிலிட்டியோட (எவ்வளவு சுலபமா போலரைஸ் ஆகும்ங்கற அளவு) ஸ்கொயர் ரூட்டுக்கு நேரா போகும், அவ்வளவு தான் ஃபார்முலா.

ஹைட்ரஜனுக்கு போலரைசபிலிட்டி 0.8 கன ஆங்ஸ்ட்ராம், டியூட்டீரியத்துக்கும் கிட்டத்தட்ட அதே தான். போட்டுப் பாத்தா 1 ஈவில 15 சதுர ஆங்ஸ்ட்ராம், 0.01 ஈவில 150. மாலிக்யூல் அதே மாலிக்யூல் தான், மெதுவா வந்ததுக்காக பத்து மடங்கு பெரிய பானையா தெரியுது. இந்த லான்ஜவின் நம்பர் பிடிபடுற வாய்ப்ப தான் சொல்லும், பிடிச்சதெல்லாம் ரியாக்ட் ஆகணும்னு கட்டாயம் இல்ல. ஆர்கான் அயனி ஹைட்ரஜனோட சேர்றதுல ரூம் டெம்பரேச்சர் ரேட் லான்ஜவின் சொல்றதுல மூணுல ரெண்டு பங்கு கிட்ட தான் இருக்கு. உங்க டேட்டா லான்ஜவின் கோட்டுக்குக் கீழ வந்தா பயப்படாதீங்க. அத விட ரெண்டு மடங்கு மேல வந்தா மொதல்ல பிரஷர் கேஜ சந்தேகப்படுங்க.

மிஷின் உள்ள என்ன தான் இருக்கு?

நாங்க வச்சிருந்தது கைடட் அயன் பீம் செட்டப். ஒரு முனைல சோர்ஸ், அங்க ஆர்கான அயனியாக்குறோம். அடுத்து ஒரு மாஸ் ஃபில்டர், அது மாஸ் 40 மட்டும் உள்ள விடும். அப்புறம் லென்ஸ் வரிசை வச்சு பீம மெதுவாக்கி நமக்கு வேண்டிய எனர்ஜிக்குக் கொண்டு வர்றோம். அதுக்குப் பிறகு ஆக்டோபோல், எட்டு கம்பி வட்டமா நிக்கும், அதோட நடுப்பகுதிய சுத்தி ஒரு கேஸ் செல், உள்ள டியூட்டீரியம் ரொம்ப லேசா. கடைசில ஒரு குவாட்ரபோல் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர், அது பின்னாடி டிடெக்டர், அது ஒவ்வொரு அயனியா எண்ணும். எல்லாம் வேக்யூம்ல, ஒவ்வொரு சேம்பருக்கும் தனித்தனி பம்ப்.

இந்த ஐடியா ஜெர்மனில ஃப்ரைபர்க்ல டெலாய், கெர்லிக் ரெண்டு பேரும் 1974ல வெளியிட்டது. அதுக்கு முன்னாடி எல்லாரும் பட்ட பாடு என்னன்னா, புராடக்ட் அயனி எந்தத் திசைல தெறிக்குதோ அந்தத் திசைல சிலது டிடெக்டருக்குப் போகாமலே சுவத்துல அடிச்சுப் போயிடும், போனது எத்தனைன்னு தெரியாது, அப்போ சிக்மாவோட மொத்த மதிப்ப எப்படி சொல்றது? எட்டு கம்பில ஆர்.எஃப். (ரேடியோ ஃப்ரீக்வென்சி வோல்டேஜ்) போட்டதும் அது ஒரு கண்ணுக்குத் தெரியாத குழாய் மாதிரி ஆயிடுது, பக்கவாட்டுல தெறிச்சதும் திரும்பி உள்ளயே வந்து முன்னாடி போகுது. இந்த ஃபீல்டுல நடந்த பெரிய திருப்பம் இது தான்னு நான் சொல்லுவேன், லேசர் எல்லாம் அப்புறம்.

ஏன் எட்டு கம்பி? நாலு போதாதா?

நாலு கம்பி போட்டா அயனிய அடைச்சு வைக்குற பொட்டென்ஷியல் ஆரத்தோட ஸ்கொயர்ல ஏறும், எட்டு கம்பில ஆறாவது அடுக்குல ஏறும். நடுவுலேர்ந்து பாதி தூரம் வந்த அயனிய எடுத்துக்கங்க, நாலு கம்பில அது விளிம்போட மதிப்புல நாலுல ஒரு பங்க பாக்கும், எட்டு கம்பில 64ல ஒரு பங்கு தான். நாலு கம்பி நடு குழிஞ்ச பணியாரக் குழி மாதிரி, எட்டு கம்பி அடி தட்டையான அண்டா மாதிரி, தட்டையான இடத்துல ஆர்.எஃப். அயனிய அசைக்காது, அசைக்கலனா எனர்ஜி நாம வச்சபடி இருக்கும். ஆர்.எஃப். வழக்கமா சில மெகாஹெர்ட்ஸ், சில நூறு வோல்ட்.

கிராஸ் செக்‌ஷன் கணக்கு எப்படி? பெரிய மேத்ஸா?

ஒரே வரி. பீர் விதி கேள்விப்பட்டிருப்பீங்க, கலர் தண்ணிக்குள்ள வெளிச்சம் குறையுற கணக்கு, அதே தான். உள்ள போன மொத்த அயனில எத்தனை பங்கு மிச்சம்ங்கறதோட நேச்சுரல் லாக எடுத்து மைனஸ் போட்டு, கேஸோட நம்பர் டென்சிட்டியாலயும் செல்லோட நீளத்தாலயும் வகுத்தா மொத்த சிக்மா வந்துடும். அத ஒவ்வொரு புராடக்ட்டும் எத்தனை பங்கோ அதுக்கேத்த மாதிரி பிரிச்சுக்கணும்.

நம்பர் போட்டுப் பாப்போம். செல்லுல பிரஷர் 0.1 மில்லி டார் (டார்ங்கறது பிரஷர் யூனிட்), 300 கெல்வின், அப்போ ஒரு கன சென்டிமீட்டருக்கு 3.2 × 10¹² மாலிக்யூல். நீளம் 8 சென்டிமீட்டர். செகண்டுக்கு ஒரு லட்சம் அயனி எண்ணுறோம், அதுல ஆயிரம் புராடக்ட். ஒரு பர்சென்ட். இவ்வளவு சின்ன பங்குக்கு லாக் எடுத்தாலும் கிட்டத்தட்ட அதே 0.01 தான் வரும். வகுத்தா 3.9 சதுர ஆங்ஸ்ட்ராம். இவ்வளவு தான், நாலு ஃபங்க்‌ஷன் கால்குலேட்டர்லயே முடிஞ்சுடும். அந்த 3.2ம் அந்த 8ம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேக்கும்போது தான் வேலையே ஆரம்பிக்குது.

பிரஷர் கேஜ்ல பாத்து எழுதிக்க வேண்டியது தானே, அதுல என்ன கஷ்டம்?

நானும் அப்படித் தான் நெனச்சேன். 0.1 மில்லி டார் அளக்க கெப்பாசிட்டன்ஸ் மேனோமீட்டர் வைப்போம், ஒரு மெல்லிசு டயஃப்ரம், கேஸ் தள்ளுற தள்ளுல அது வளையுறத அளக்கும், எந்த கேஸ்னு கவலைப்படாது, அதனால நல்லது. ஆனா அதோட சைஃபர் நகரும். ஒரு வாரம் பூரா பகல்ல எடுத்த டேட்டாவும் ராத்திரி எடுத்த டேட்டாவும் பத்து பர்சென்ட் தள்ளித் தள்ளி வந்துச்சு, பீம மாத்திப் பாத்தேன், சோர்ஸ கழட்டி கழுவினேன், ஆக்டோபோல் வோல்டேஜ மாத்திப் பாத்தேன், ஒண்ணும் இல்ல. கடைசில பாத்தா ரூம் ஏசி காத்து நேரா கேஜ் மேல அடிக்குது, பகல்ல போட்டுட்டு ராத்திரி ஆஃப் பண்ணிட்டுப் போறாங்க, கேஜோட சைஃபர் 0.01 மில்லி டார் நகர்ந்திருக்கு. நாம அளக்குறதே 0.1. ஒரு அட்டைப்பெட்டிய வெட்டி கேஜ சுத்தி வச்சு டேப் ஒட்டினேன், சரியாச்சு. லட்சக்கணக்குல செலவு பண்ணின மிஷின்ல அந்த அட்டைப்பெட்டி நான் கிளம்புற வரைக்கும் இருந்துச்சு.

அதுல இன்னொரு குசும்பு இருக்கு. கேஜ் தலைய 45 டிகிரில சூடா வச்சிருப்பாங்க, செல் ரூம் டெம்பரேச்சர்ல இருக்கும், இவ்வளவு லேசான கேஸ்ல ரெண்டு முனைலயும் டெம்பரேச்சர் வேற வேறயா இருந்தா பிரஷரும் வேறயா தான் நிக்கும், ஸ்கொயர் ரூட் கணக்குல சுமார் மூணு பர்சென்ட் வரும். தெர்மல் டிரான்ஸ்பிரேஷன்னு பேரு, கரெக்‌ஷன் போட மறக்காதீங்க.

நீளம் ஸ்கேல்ல அளந்தா போச்சு, இல்லையா?

செல்லுக்கு ரெண்டு பக்கமும் ஓட்டை இருக்கே, அயனி போகணுமே, அதுல கேஸ் வெளிய கசியும், கசிஞ்ச கேஸ்லயும் ரியாக்‌ஷன் நடக்கும். அதனால ஸ்கேல் நீளம் வேற, எஃபெக்டிவ் நீளம் வேற. ஓட்டை முனைங்கள்ல பிரஷர் எப்படி இறங்குதுன்னு கணக்கு போட்டு எடுக்கலாம், இல்ல ஏற்கனவே நல்லா தெரிஞ்ச ஒரு ரியாக்‌ஷன ஓட்டிப் பாத்து சரி பண்ணிக்கலாம். செல்லத் தாண்டி சேம்பர்ல பரவுற கேஸுக்கு வேற வைத்தியம்: அதே அளவு கேஸ செல்லுல விடாம சேம்பர்ல விட்டு ஒரு தடவ எண்ணி அத கழிச்சுடணும்.

சரிபாக்குறதுக்கு ஏன் எல்லாரும் இந்த ஆர்கான்–டியூட்டீரியத்தையே எடுக்குறாங்க?

கென்ட் எர்வினும் பீட்டர் ஆர்மன்ட்ரௌட்டும் 1985ல பெர்க்லில இந்த ரியாக்‌ஷன ஹைட்ரஜன், டியூட்டீரியம், ரெண்டும் கலந்த ஹெச்டி மூணோடயும் தெர்மல் (ரூம் டெம்பரேச்சர்) எனர்ஜிலேர்ந்து 30 ஈவி வரைக்கும் அளந்து வச்சிருக்காங்க, அதனால ஒப்பிட ஆள் இருக்கு. 1.5 ஈவி எக்ஸோதெர்மிக், அதாவது எனர்ஜிய வெளிய விடுற வகை, தடை கிடையாது, கவுண்ட் தாராளமா வரும். ஆர்கான் எந்த லேப்லயும் சிலிண்டர்ல கிடக்கும்.

ஹைட்ரஜன விட டியூட்டீரியம் ஏன்னா, ஏஆர்ஹெச் அயனி மாஸ் 41, ஆர்கான் 40. பக்கத்து வீடு. 40ல செகண்டுக்கு லட்சம் கவுண்ட் வருது, அதோட வால் 41 மேல விழும், ஆயிரத்துல ஒண்ணு கசிஞ்சாலே நூறு கவுண்ட் பொய். டியூட்டீரியம் போட்டா 42, நடுவுல ஒரு வீடு காலி. ரெசல்யூஷன ஏத்தி பிரிச்சுடலாமேன்னு கேப்பீங்க, ஏத்தினா டிரான்ஸ்மிஷன், அதாவது உள்ள போனதுல வெளிய வர்ற பங்கு, குறையும், அதுவும் 40க்கு ஒரு மாதிரி 42க்கு ஒரு மாதிரி குறைஞ்சா விகிதமே போச்சு, அதனால முடிஞ்ச வரைக்கும் ரெசல்யூஷன குறைச்சு தான் வைப்போம்.

ரெண்டாவது மோதல் நடக்கலன்னு எப்படித் தெரியும்?

மாஸ் 6 பாருங்க. ஏஆர்டி அயனி இன்னொரு டியூட்டீரியம் மேல மோதினா தன் டிய அதுக்குக் குடுத்துட்டு டி3 அயனி உண்டாகும், ஆர்கான விட டியூட்டீரியத்துக்கு அந்த டி மேல ஆசை அதிகம். இன்னொரு வழியும் இருக்கு, சார்ஜ் மட்டும் மாறி வர்ற டி2 அயனியும் டியூட்டீரியத்தோட சேந்து டி3 ஆகும். எப்படி வந்தாலும் 6ல சிக்னல் வந்தா ரெண்டாவது மோதல் நடந்திருக்குன்னு அர்த்தம், அது பிரஷரோட ஸ்கொயர்ல ஏறும். 0.1, 0.2, 0.4 மில்லி டார்னு மூணு பிரஷர்ல எடுத்து, ஒவ்வொரு எனர்ஜிக்கும் சிக்மாவ சைஃபர் பிரஷருக்கு நீட்டிப் பாருங்க. சோம்பேறித்தனப்பட்டு ஒரே பிரஷர்ல எடுத்த டேட்டாவ நான் நம்ப மாட்டேன், என்னோடதா இருந்தாலும்.

லேப் எனர்ஜி, சென்டர் ஆஃப் மாஸ் எனர்ஜின்னு ரெண்டு சொல்றீங்களே?

லாரி வந்து சைக்கிள் மேல இடிச்சா லாரியோட எனர்ஜில பெரும்பகுதி லாரி கூடவே போயிடும், இடிக்குறதுக்கு கிடைக்குறது கொஞ்சம் தான். ஆர்கான் 40, டியூட்டீரியம் 4, அப்போ கிடைக்குறது, அதாவது சென்டர் ஆஃப் மாஸ் எனர்ஜி, 44ல 4, அதாவது 11ல ஒரு பங்கு. லேப்ல 11 ஈவி வச்சா மோதலுக்கு 1 ஈவி. இது ஒரு வகைல நல்லது, லேப்ல 0.1 ஈவி தப்பு பண்ணினா மோதல் எனர்ஜில 0.01 தான் தப்பு. ஹீலியம் அயனிய நைட்ரஜன் மேல விட்டா 32ல 28 பங்கு கிடைக்கும், அங்க லேப் தப்பு அப்படியே மோதல் எனர்ஜிக்கு வந்து உக்காந்துக்கும். கிராஃப் போடும்போது எந்த எனர்ஜின்னு ஆக்சிஸ்ல எழுதுங்க, இத எழுதாததால ஒரு தடவ ரெண்டு நாள் வீணா சண்டை போட்டிருக்கோம்.

பவர் சப்ளைல வச்ச வோல்டேஜ் தானே எனர்ஜி?

இல்ல, இல்ல, இல்ல. கம்பி மேல படிஞ்ச அழுக்கு, காண்டாக்ட் பொட்டென்ஷியல், சோர்ஸ்ல அயனி எந்த இடத்துல பொறந்துச்சுங்கறது, எல்லாம் சேந்து நூறு இருநூறு மில்லி ஈவி தள்ளி விட்டுடும். அதனால ஆக்டோபோலயே மதகு மாதிரி யூஸ் பண்றோம். அதோட டிசி வோல்டேஜ கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கிட்டே போனா ஒரு கட்டத்துல பீம் ஏற முடியாம நின்னுடும், அந்த இறக்கத்த டிஃபரென்ஷியேட் பண்ணினா ஒரு மேடு வரும், அதோட உச்சி தான் எனர்ஜி சைஃபர், அகலம் தான் பீமோட எனர்ஜி பரவல். 0.3 ஈவி அகலம் வந்தா நல்ல நாள். காலைல ஒரு தடவ, டேட்டா முடிஞ்சதும் ஒரு தடவ பாக்கணும், ரெண்டும் ஒத்துப் போகலனா அன்னிக்கி டேட்டா ஓரமா வைங்க.

டாப்ளர் டாப்ளர்னு பயமுறுத்துறாங்களே, அது என்ன?

செல்லுல இருக்குற கேஸ் சும்மா நிக்குதுன்னு நெனச்சுட்டு தான் எனர்ஜி கணக்கு போடுறோம். நிக்கல. ரூம் டெம்பரேச்சர்ல டியூட்டீரியம் மாலிக்யூலோட சராசரி வேகம் செகண்டுக்கு 1250 மீட்டர் கிட்ட. லேப்ல 0.1 ஈவில வர்ற ஆர்கான் அயனியோட வேகம் 700 மீட்டர் தான். கல்ல விட மாங்கா வேகமா ஓடுது! எதிர்ல வந்தா மோதல் எனர்ஜி ஏறும், அதே திசைல ஓடினா இறங்கும். நாம 0.009 ஈவின்னு எழுதுற இடத்துல உண்மைல சராசரி 0.044 கிட்ட இருக்கும்.

சான்ட்ரி 1971ல குடுத்த ஃபார்முலாவ போட்டா, ஆர்கான்–டியூட்டீரியத்துல 1 ஈவில இந்த பரவலோட அகலம் 0.5 ஈவி. பாதி! ஹீலியம் அயனி–நைட்ரஜன்ல அதே 1 ஈவில 0.2 ஈவிக்கும் கொஞ்சம் கம்மி. பாத்தீங்களா, முன்னாடி எது நல்லதுன்னு சொன்னேனோ அதுவே இங்க கெடுதலா நிக்குது, கனமான அயனி லேசான டார்கெட்னா லேப் தப்பு சுருங்கும், டாப்ளர் விரியும். செல்ல லிக்விட் நைட்ரஜன் வச்சு 77 கெல்வினுக்குக் குளிர வச்சா அகலம் பாதியாகும், இந்த வழில அது தான் அதிகபட்சம்.

எண்டோதெர்மிக் ரியாக்‌ஷன்ல த்ரெஷோல்ட் எடுக்க, சிக்னல் ஆரம்பிக்குற இடத்தப் பாத்தா போதுமா?

இந்தத் தப்ப பண்ணாதவங்க இருக்க மாட்டாங்க. எண்டோதெர்மிக்னா வெளிலேர்ந்து எனர்ஜி குடுத்தா தான் நடக்கும், குறைஞ்சபட்சம் வேண்டிய அந்த எனர்ஜி தான் த்ரெஷோல்ட். கார்பன் அயனி ஹைட்ரஜனோட மோதி சிஹெச் அயனி வர்ற ரியாக்‌ஷன எடுங்க. இதுக்கு 0.40 ஈவி வேணும், டெம்பரேச்சரா சொன்னா 4640 கெல்வின். சிஹெச் அயனிய டக்ளஸும் ஹெர்ஸ்பர்கும் 1941லயே விண்மீன்களுக்கு நடுவுல அடையாளம் கண்டுட்டாங்க, ஆனா அங்க மேகமெல்லாம் நூறு கெல்வினும் இல்லாம குளிர்ந்து கிடக்கு, அப்புறம் எப்படி இவ்வளவு சிஹெச் அயனின்னு ரொம்ப காலமா மண்டைய உடைச்சுக்குறாங்க. அதனால இந்த 0.40 மேல வானியல் ஆளுங்களுக்கு ஒரு கண்ணு.

இப்போ அந்த எனர்ஜில டாப்ளர் அகலம் எவ்வளவுன்னா 0.31 ஈவி. த்ரெஷோல்டே 0.40. அதனால சிக்னல் 0.40க்கு ரொம்ப முன்னாடியே தலை காட்டும், அத த்ரெஷோல்டுன்னு எழுதினா போச்சு. சரியான வழி தலைகீழா போறது: உண்மையான சிக்மா எப்படி இருக்கும்னு ஒரு மாடல் எழுது, எனர்ஜில த்ரெஷோல்ட கழிச்சு ஒரு அடுக்குக்கு உயர்த்தி எனர்ஜியால வகுக்குறது தான் வழக்கமான மாடல், அது மேல டாப்ளரையும் பீம் பரவலையும் பூசு, பூசினது டேட்டாவோட ஒத்துப் போற வரைக்கும் த்ரெஷோல்ட நகர்த்து. டேட்டாவ கூர்மையாக்க முயற்சி பண்ணாதீங்க, மாடல மழுங்க வைங்க.

எண்டோதெர்மிக்னு சொல்றீங்க, எனக்கு சைஃபர் எனர்ஜிலயே சிக்னல் வருதே?

சோர்ஸ்ல எக்சைட் ஆன அயனி கலந்திருக்கு. எலக்ட்ரான வேகமா அடிச்சு கார்பன் அயனி எடுத்தா, 5.3 ஈவி மேல உக்காந்திருக்குற ஒரு மெட்டாஸ்டேபிள் (சீக்கிரம் இறங்காம நிக்குற) நிலைலயும் கொஞ்சம் வரும், அதுக்கு இந்த ரியாக்‌ஷன் எக்ஸோதெர்மிக். அடையாளம் என்னன்னா, எனர்ஜி குறையக் குறைய சிக்மா ஏறுற மாதிரி ஒரு வால் தெரியும். எலக்ட்ரான் எனர்ஜிய குறைங்க, இல்ல அயனிய செல்லுக்கு முன்னாடி வேற கேஸ்ல நெறைய மோத விட்டு ஆற வைங்க. ஆர்கான்லயும் ரெண்டு நிலை உண்டு, 0.178 ஈவி வித்தியாசம், ஒரே ஒரு நிலைய மட்டும் தேர்ந்தெடுக்கணும்னா ஃபோட்டோ அயனைசேஷன், அதாவது வெளிச்சத்தால அயனியாக்குற முறை, பக்கம் போகணும்.

சார்ஜ் மட்டும் மாறுற ரியாக்‌ஷன்ல கவுண்ட் கம்மியா வருது, ஏன்?

ஆர்கான் தூரத்துலேர்ந்தே எலக்ட்ரான வாங்கிக்கிட்டு போயிடும், டி2 அயனி நின்ன இடத்துலயே நிக்கும், அதுக்கு முன்னாடி போகணும்னு எந்தத் தள்ளும் இல்ல. பாதி பின்னாடி ஊர்ந்து போய் சோர்ஸ் பக்கம் தொலையும். ஏஆர்டிக்கு இந்தப் பிரச்சனை இல்ல, கனமான ஆர்கான் அதையும் இழுத்துக்கிட்டு முன்னாடி ஓடிடும். பீம துண்டு துண்டா விட்டு, காத்திருந்து எண்ணுறது, நுழைவுல வோல்டேஜ் ஏத்தி திருப்பி விடுறதுன்னு வழிங்க இருக்கு.

இத விட குளிரா போக முடியாதா?

போகலாம், ஆனா அங்க பெரும்பாலும் சிக்மாவுக்கு பதிலா ரேட் கான்ஸ்டன்ட் அளப்பாங்க, அதாவது வேகத்தோட பெருக்கி சராசரி எடுத்தது. ஆடம்ஸ், ஸ்மித் 1976ல கொண்டு வந்த சிஃப்ட் (கேஸ் ஓடுற குழாய்க்குள்ள அயனிய விட்டு அளக்குற முறை) ரூம் டெம்பரேச்சர் பக்கத்துக்கு. ரோவே பிரான்ஸ்ல ஆரம்பிச்ச க்ரெசு, கேஸ சூப்பர்சானிக்கா விரிய விட்டு குளிர வைக்குறது. கெர்லிக்கே அப்புறம் எட்டு கம்பிய 22 ஆக்கி ரெண்டு முனையையும் மூடி அயனி வெளிய போகாத பொறியா (டிராப்) ஆக்கினாரு, அதுல 10 கெல்வின் வரைக்கும் அயனிய ஆற வைக்கலாம். சூரிச்ல மெர்க்ட் குரூப் அயனிக்குப் பதிலா ரிட்பர்க் மாலிக்யூல (ஒரு எலக்ட்ரான் ரொம்ப தூரத்துல சுத்துற மாலிக்யூல், உள்ள இருக்குறது அயனி மாதிரியே நடந்துக்கும்) எடுத்து, ரெண்டு பீமையும் ஒரே திசைல ஓட விட்டு, ஹைட்ரஜன் அயனி–ஹைட்ரஜன் ரியாக்‌ஷன 1 கெல்வினுக்கும் கீழ பாத்தாங்க. ரெண்டு ரயிலும் ஒரே வேகத்துல பக்கத்துல பக்கத்துல ஓடினா ஜன்னல் வழியா டீ மாத்திக்கலாம்ல, அந்த டெக்னிக் தான்.

எரர் பார் எவ்வளவு போடணும்?

இந்த வகை மிஷின்ல அப்சல்யூட் மதிப்புக்கு 20 பர்சென்ட், ஒரே நாள்ல எடுத்த ரெண்டு பாயிண்டுக்கு நடுவுல 5 பர்சென்ட்னு போடுறது வழக்கம். கவுண்டிங் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மட்டும் போட்டு 1 பர்சென்ட்னு காட்டுறத பாத்திருக்கேன், பிரஷரும் நீளமும் அந்த 1க்குள்ள அடங்கவே அடங்காது. என்னக் கேட்டா வளைவோட வடிவம் தான் உறுதியான சரக்கு, உயரம் ஒரு மதிப்பீடு.

பேக்ரவுண்ட் கழிச்சதும் சில பாயிண்ட் மைனஸ்ல வருது, நெகட்டிவ் கிராஸ் செக்‌ஷன் கிடையாதே, அழிச்சுடட்டுமா?

அழிக்காதீங்க! ஒரு புதுப் பையன் இப்படி அழிச்சு வச்சு த்ரெஷோல்ட் 0.1 ஈவி கீழ வந்துச்சு, ஒரு வாரம் கழிச்சு தான் கண்டுபிடிச்சோம். பேக்ரவுண்ட் 50 கவுண்ட், கேஸோட 50 கவுண்ட், கழிச்சா சைஃபர் வரணும், ஆனா எண்ணுறது தற்செயல் தானே, ஒரு தடவ 57ம் 44ம் வரும், இன்னொரு தடவ 45ம் 53ம் வரும். பிளஸ் வந்தத வச்சுக்கிட்டு மைனஸ் வந்தத தூக்கினா த்ரெஷோல்டுக்குக் கீழ ஒண்ணும் இல்லாத இடத்துல இல்லாத சிக்னல் நின்னுடும், ஃபிட் அத நம்பி கீழ இறங்கும். லாக் ஸ்கேல்ல கிராஃப் போடும்போது மட்டும் மைனஸ் பாயிண்ட் தெரியாது, அது கிராஃபோட பிரச்சனை, ஃபைல்ல அப்படியே இருக்கட்டும்.